எல்லா வீட்டுக்கும் ஒரே விலாசம்

மகனே,

இதை எழுதும்போது உனக்கு ஐந்து மாதம். பக்கத்தில் பாயில் குப்புறப் படுத்துத் தூங்கிக்கொண்டிருக்கிறாய். எழுதுவதை நிறுத்தி நிறுத்தி உன் முதுகு ஏறி இறங்குகிறதா என்று பார்த்துக்கொள்கிறேன். திங்கட்கிழமை நான் வேலைக்குத் திரும்புகிறேன். உன்னைக் கீழ்மாடி அக்காவிடம் விட்டுவிட்டுப் போக வேண்டும். நல்லவர்தான், மூன்று பிள்ளைகளை வளர்த்தவர்தான். ஆனாலும் என் மனம் ஒரு இடத்தில் உட்கார மாட்டேன் என்கிறது. நீ அழுதால் அவருக்குக் கேட்குமா, கேட்டால் எனக்குச் சொல்வாரா, சின்ன விஷயம்தானே என்று விட்டுவிடுவாரா என்று நினைத்துக்கொண்டே இருக்கிறேன். இந்தப் பயத்தை உன்னிடம்தான் சொல்ல வேண்டும் என்று தோன்றியது. இப்போதுள்ள உன்னிடம் சொன்னால் என் மூக்கைப் பிடித்து இழுப்பாய். அதனால் வளர்ந்த உனக்கு எழுதுகிறேன். வேலைக்கோ படிப்புக்கோ வீட்டைவிட்டுக் கிளம்புகிற வயதில் இது உன் கைக்கு வரட்டும்.

நான் அதிகம் பேசுகிறவள் இல்லை என்பது அதற்குள் உனக்குத் தெரிந்திருக்கும். சின்ன வயதிலிருந்தே அப்படித்தான். பள்ளியில் ஆசிரியர் கேள்வி கேட்டால் பதில் தெரிந்தும் குனிந்துகொள்வேன். பல்கலைக்கழகத்தில் சேர்ந்தபோது எங்கள் குடும்பத்தில் அதுவரை யாரும் அந்த வாசலை மிதித்ததில்லை. யாரிடம் என்ன கேட்பது என்று தெரியாமல் முதல் வாரம் முழுவதும் சுவரில் ஒட்டியிருந்ததைப் படித்துத்தான் வழி கண்டுபிடித்தேன். கணினித் துறையை எடுத்ததற்கு ஆயிரம் காரணம் சொல்லியிருக்கிறேன். உனக்கு உண்மையைச் சொல்கிறேன்: அதில் மனிதர்களோடு பேசுவது குறைவாக இருக்கும் என்று நினைத்தேன். என் அப்பாவுக்கு, அதாவது உன் தாத்தாவுக்கு, நான் என்ன வேலை செய்கிறேன் என்று சரியாகச் சொல்லத் தெரியாது. இங்கே மலேசியாவில், ரந்தாவ் பக்கத்துத் தோட்டத்தில், எண்ணெய் எடுக்கும் செம்பனைக் குலை வெட்டியவர். யாராவது கேட்டால், "மக வெப்சைட்டு கட்டுது" என்பார். வீடு கட்டுவதைச் சொல்வது போல.

நான் கட்டுவது என்ன என்பதை உனக்குக் கொஞ்சம் விளக்க வேண்டும். அப்போதுதான் பின்னால் சொல்லப்போவது புரியும். நீ இதைப் படிக்கிற காலத்தில் இதெல்லாம் மாறிப் போயிருக்கலாம். முன்பு இணையத்தில் ஒவ்வொரு பக்கமும் தனித்தனி வீடு. ஒரு சுட்டியை, அதாவது லிங்க்கை, தொட்டால் எங்கோ இருக்கும் சர்வர் என்ற பெரிய கணினி, அந்தப் பக்கத்தை முழுதாக எடுத்துக் கொடுக்கும். நான் கட்டுகிற வகையில் உண்மையில் இருப்பது ஒரே பக்கம். அதை ஒருமுறை இறக்கிக்கொண்டால் போதும். பிறகு நீ எதைத் தொட்டாலும் அந்த ஒரே பக்கம் தன் உடையை மாற்றிக்கொண்டு வேறு பக்கம் போல நிற்கும். மேலே விலாசம் மாறும், ஆனால் சர்வரிடம் யாரும் போய்க் கேட்பதில்லை. 'இப்போது இங்கே இருக்கிறோம்' என்று உலாவியின் வரலாற்றில் ஒரு வரியை நாமே எழுதிவைக்கிறோம். பின்னால் போகும் பொத்தானை அழுத்தினால் அந்த வரியைப் பார்த்து, பழைய உடையை மறுபடி போட்டுக் காட்டுகிறோம். பார்க்கிறவருக்கு ஊர் ஊராகப் போய் வந்த மாதிரி இருக்கும். அவர் உட்கார்ந்த இடத்தைவிட்டு நகர்ந்திருக்க மாட்டார்.

பல்கலைக்கழகத்தில் இதைச் சொல்லிக் கொடுத்தபோது மற்றவர்கள் முழித்தார்கள். எனக்கு உடனே புரிந்தது. நான் பிறந்த லயத்தில், தொழிலாளர்களுக்கான அந்த வரிசை வீடுகளில், எந்த வீட்டுக்கும் விலாசம் கிடையாது. தோட்டத்து ஆபீஸ் விலாசம்தான் எல்லா வீட்டுக்கும். யார் பேருக்கு எது வந்தாலும் ஆபீசுக்கு வரும். கிராணி, அதாவது ஆபீஸ் எழுத்தர், அதைப் பார்த்து, இது மேட்டு லயம், இது கோயிலடி லயம் என்று பிரித்து, காலையில் வேலைக்குப் பேர் பதியும் பெரட்டுக்கு ஆட்கள் கூடும்போது பேர் சொல்லிக் கூப்பிட்டுக் கொடுப்பார். வெளியே இருப்பவனுக்கு ஒரு விலாசம் தெரிந்தால் போதும், மீதியை உள்ளே இருப்பவர் பார்த்துக்கொள்வார். தோட்டம் கைமாறியபோது ஆபீசில் புது ஆட்கள் வந்தார்கள். அவர்களுக்கு மேட்டு லயமும் தெரியாது, மாரிமுத்து யார் என்றும் தெரியாது. கம்பெனிக்கு வராத கடிதம் எல்லாவற்றையும் இங்கே அப்படி யாரும் இல்லை என்று திருப்பி அனுப்பினார்கள். மாரிமுத்து என்பது உன் தாத்தா. அவர் அங்கேதான் இருந்தார். திரும்பிப் போன கடிதங்கள் எவை என்று இன்றுவரை எங்களுக்குத் தெரியாது.

தாத்தாவின் சிறுநீரகம் கெட்டு, வாரம் மூன்று நாள் சிரம்பானில் ரத்தச் சுத்திகரிப்புக்குப் போக ஆரம்பித்தது உன் அப்பாவை நான் கல்யாணம் செய்த பிறகு. என் அம்மா அப்போது உயிரோடு இல்லை, தாத்தா ரந்தாவில் தனியாக இருந்தார். நாங்கள் சிரம்பானை ஒட்டிய ரஹாங்கில் வாடகை வீட்டில். உன் அப்பாவுக்குத் தொழிற்சாலையில் ஷிப்ட், எனக்குக் கார் ஓட்டப் பயம். தாத்தாவையும் அந்தப் பக்கத்து மற்ற நோயாளிகளையும் ஏற்றிப்போக ஊர்ச் சங்கம் ஒரு வேன் வைத்திருந்தது. சேகர் அண்ணன் ஓட்டுவார். யார் வருகிறார், யார் வரவில்லை என்று தெரியாமல் ஒவ்வொரு வீட்டு வாசலிலும் ஹார்ன் அடித்து நின்று எப்போதும் தாமதமாகும். சங்கத்தாரிடம் நான்தான் முன்வந்து, ஒரு சின்ன வெப்சைட் செய்து தருகிறேன் என்றேன். வாயால் சொல்லவில்லை, வாட்ஸ்அப்பில்தான் எழுதினேன். முந்தின நாள் மாலை ஒவ்வொரு வீட்டுக்கும் ஒரு சுட்டி போகும். தொட்டால் அவரவர் பேரில் ஒரு பக்கம் திறக்கும். 'வருகிறேன்' என்பதை அழுத்தினால் சேகர் அண்ணனின் போனில் பேர் வரும். பேர் வந்த வீட்டுக்கு மட்டும் வேன் போகும்.

ஆரம்பிப்பதற்கு முன் தாத்தாவை வைத்துச் சோதித்துப் பார்த்தேன். என் மடிக்கணினியை அவர் மடியில் வைத்து, தொடுங்கப்பா என்றேன். 'வருகிறேன்' என்பதை அழுத்தினார். பிறகு பின்னால் போகும் பொத்தானை அழுத்தினார். மறுபடி அதே பக்கம். மறுபடி அழுத்தினார். மறுபடி அதே.

"ஏம்மா, இது என்னைய வெளிய விடமாட்டேங்குதே. சீனன் கடையில கணக்கு தீர்க்காம கெளம்புன மாதிரி புடிச்சு வச்சிக்கிட்டு இருக்கு."

அது என் பிழை. ஒரு பக்கத்திலிருந்து அடுத்ததற்குத் தானாகத் தள்ளிவிடும் இடத்தில், பழைய வரியை மாற்றி எழுதுவதற்குப் பதில் ஒவ்வொரு முறையும் வரலாற்றில் புது வரி சேர்த்திருந்தேன். அவர் பின்னால் வர வர அது முன்னால் தள்ளிக்கொண்டே இருந்தது. அன்றே சரி செய்தேன். இதை உனக்குச் சொல்வதற்கு ஒரு காரணம் இருக்கிறது. எந்த வேலையிலும், எந்த நட்பிலும், எந்த வீட்டிலும் முழுதாக உள்ளே போவதற்கு முன் ஒருமுறை பின்னால் வந்து பார். வர முடிகிறதா, அல்லது சிரித்துக்கொண்டே மறுபடி உள்ளே தள்ளுகிறார்களா என்று பார். எனக்கு இதைச் சொல்லிக் கொடுக்க ஆளில்லை. முதலில் சேர்ந்த கம்பெனியில் வேலையை விடுகிறேன் என்று சொல்ல ஒரு வருடம் தயங்கினேன்.

அந்தப் பிழையைப் பிடித்ததில் எனக்குக் கொஞ்சம் கர்வம். எல்லாம் பார்த்துவிட்டேன் என்று நினைத்தேன். ஆனால் நான் பார்த்ததெல்லாம் உள்ளே இருந்துகொண்டு பார்த்தது. முகப்புப் பக்கத்தைத் திறந்து, அங்கிருந்து ஒவ்வொன்றாகத் தொட்டுத் தொட்டு உள்ளே போனேன். வெளியே இருந்து வருகிற ஒருவர் ஒரு வீட்டின் விலாசத்தை நேராகத் தட்டினால் என்ன ஆகும் என்று பார்க்கவில்லை. என் மடிக்கணினியில் ஓடும் சோதனை சர்வர் பழைய கிராணி மாதிரி. எந்த விலாசம் கேட்டாலும் அந்த ஒரே பக்கத்தை எடுத்துக் கொடுத்து, மீதியை உள்ளே பார்த்துக்கொள்ளச் சொல்லும். உண்மையான சர்வருக்கு அப்படிச் செய் என்று நான் சொல்லி வைக்கவில்லை. அது புது ஆபீஸ்காரன். அந்தப் பேரில் இங்கே பக்கமே இல்லை என்று சொல்லிவிடும்.

இந்த வருடத் தைப்பூசத்துக்கு மறுநாள், வெப்சைட்டை வைத்து வேன் ஓடத் தொடங்கிய அன்றே, அதுதான் நடந்தது. நீ என் வயிற்றில் ஏழாம் மாதம். முந்தின நாள் மாலை எல்லா வீட்டுக்கும் சுட்டி அனுப்பியிருந்தேன். காலையில் பார்த்தால் இரண்டே பேர். முன்பு என்னோடு உட்கார்ந்து முகப்புப் பக்கத்தைப் போனில் சேமித்து வைத்துக்கொண்டவர்கள் அந்த இருவரும். மற்றவர்கள் பூசம் பார்த்த களைப்பில் மறந்திருப்பார்கள், இன்னும் கொஞ்ச நேரத்தில் தொடுவார்கள் என்று காத்திருந்தேன். வேன் கிளம்பும் நேரமும் தாண்டியது. அப்போதுதான் வாட்ஸ்அப்பில் நான் அனுப்பிய சுட்டியை நானே முதல் தடவையாகத் தொட்டேன். வெள்ளைத் திரை. நடுவில் ஆங்கிலத்தில், நீங்கள் தேடியது இங்கே இல்லை என்று இரண்டு சொல்.

அந்த நிமிடம் நான் செய்திருக்க வேண்டியது போனை எடுத்துப் பேசுவது. நான் மடிக்கணினியைத் திறந்தேன். எது கேட்டாலும் அந்த ஒரே பக்கத்தையே கொடு என்று சர்வருக்கு ஒரே ஒரு வரி எழுத வேண்டும். அவ்வளவுதான் வேலை. எழுதி, ஏற்றி, மறுபடி மறுபடி தொட்டுப் பார்த்து, சரியாகிவிட்டது என்று வாட்ஸ்அப் குழுவில் செய்தி போட்டேன். மன்னிப்பும் கேட்டேன். யாரும் பதில் போடவில்லை. வெப்சைட் சரியாகிவிட்டது. நோயாளிகள் எல்லாரும் வீட்டில் உட்கார்ந்திருந்தார்கள். உன் தாத்தாவைக் கூப்பிட்டேன். மணி அடித்துக்கொண்டே இருந்தது. எடுக்கவில்லை. மறுபடி கூப்பிட்டேன். பிறகு தாத்தாவின் பக்கத்து வீட்டு லெட்சுமி அக்காவைக் கூப்பிட்டேன். அவர் கணவருக்கும் அதே நோய், அதே வேன்.

"யாரு? சத்தமா பேசு தாயி, ஒண்ணும் விழல. மாரிமுத்து அண்ணன் மகளா? ஒங்கப்பா அப்பவே மோட்டார எடுத்துக்கிட்டு கெளம்பிட்டாரே."

"தனியா மோட்டார் சைக்கிள்லயாக்கா? கால் வீங்கியிருக்கே."

"நானும் சொன்னேன். வேன நிறுத்திட்டாங்க, என்ன செய்யச் சொல்றேங்கறாரு."

"நிறுத்திட்டாங்கன்னு யாருக்கா சொன்னது?"

"யாரு வந்து சொல்லணும்? தொட்டா வெள்ளையா வருது, இங்கிலீசுல இல்லைன்னு போட்டிருக்கு. எங்க வீட்டுக்காரரு பாத்துட்டு, சரி, இதுவும் அவ்வளவுதான்னாரு. தோட்டத்து கிளினிக்க நிறுத்துனப்ப சொல்லிட்டா நிறுத்துனாங்க? பஸ்ஸ நிறுத்துனப்ப சொன்னாங்களா?"

மகனே, அந்தக் காலை முழுவதும் ஒருவர்கூட என்னைக் கூப்பிட்டுக் கேட்கவில்லை. ஒருவர்கூடத் திட்டவில்லை. என் அலுவலகத்தில் ஒரு பொத்தானின் நிறம் மாறினாலே வாடிக்கையாளர்கள் கோபமாக எழுதுவார்கள். நம் ஆட்கள் ஒரு வெள்ளைத் திரையைப் பார்த்துவிட்டு, இதுவும் முடிந்தது என்று போனைக் கவிழ்த்து வைத்திருக்கிறார்கள். அதைப் போய் நான் வெட்கம் என்றோ அறியாமை என்றோ சொல்ல முடியாது. அவர்கள் பார்த்த வரையில் கதவு சாத்தப்படுவது அப்படித்தான் இருந்திருக்கிறது.

சேகர் அண்ணனைக் கூப்பிட்டேன். அதுவரை அவரிடம் நான் வாய்விட்டுப் பேசியதே இல்லை.

"அண்ணே, ரெண்டு பேரத்தான் ஏத்துனீங்களா?"

"நீதானேம்மா எழுதுன, பேரு வந்தா மட்டும் போங்கன்னு. பூசத்துக்குப் புள்ளைங்கல்லாம் வந்திருக்கும், கார்ல கொண்டு போயிருவாங்கன்னு நெனைச்சேன்லா. இப்பத்தான் எறக்கி விட்டுட்டு தே தண்ணி குடிக்கிறேன்."

"இல்லண்ணே. என் சைட்டு கெட்டுப் போச்சு. எல்லாரும் வீட்லதான் இருக்காங்க. அப்பா மோட்டார்ல வந்துக்கிட்டு இருக்காரு. போன் எடுக்கல."

அந்தப் பக்கம் கண்ணாடிக் குவளை வைக்கிற சத்தம் கேட்டது.

"சரி, அழாத. நான் ரோட்ட பாத்துக்கிட்டே வரேன். நீ வீடு வீடா போன் போடு. வாசல்ல ரெடியா நிக்கச் சொல்லு. மெசேஜ் போடாத, பேசு."

பேசினேன். உன்னைச் சுமந்துகொண்டு, வீட்டுக்குள் இங்கும் அங்கும் நடந்துகொண்டே ஒவ்வொரு வீடாகக் கூப்பிட்டேன். என் குரல் எனக்கே வேறு யாருடையதோ போல இருந்தது. ஒரு மாமா நான் சொன்னதை முழுவதும் கேட்டுவிட்டு, "நீ சாப்பிட்டியா தாயி?" என்றார். இன்னொருவருக்கு வேன் வரப்போவதைவிடப் பெரிய கவலை இருந்தது. "இன்னிக்கு இல்லைன்னு நெனச்சு தண்ணிய அளவுக்கு மேல குடிச்சிட்டேனேம்மா. எடை ஏறியிருக்கும், தாதி கிழிச்சிரும்." நடுநடுவே அப்பாவின் எண்ணைக் கூப்பிட்டேன். மணி மட்டும் அடித்தது. ரந்தாவிலிருந்து சிரம்பான் வரும் பாதையில் லாரிகள் எப்படிப் போகும் என்பதை நினைக்கக் கூடாது என்று முடிவு செய்து, அதையே நினைத்துக்கொண்டிருந்தேன். நீ உள்ளே உதைத்துக்கொண்டே இருந்தாய். உன்னையும் நான் பயமுறுத்துகிறேனோ என்று அது வேறு பயம்.

சேகர் அண்ணன் கூப்பிட்டபோது எடுக்கத் தைரியம் வரவில்லை. எடுத்தேன்.

"கெடச்சுட்டாரும்மா. பாதி வழியில பஸ் ஸ்டாப்புல உக்காந்திருக்காரு. இந்தா, பேசு."

"ஒண்ணுமில்லம்மா," என்றார் அப்பா. ஒவ்வொரு சொல்லுக்கும் மூச்சு வாங்கியது. "மோட்டாரு சூடாயிருச்சு. கொஞ்சம் ஆறட்டும்னு உக்காந்தேன்."

பின்னால் சேகர் அண்ணனின் குரல்: "மோட்டாரா சூடாச்சு? நல்லா கேளு அவர. நிக்க முடியல, ஸ்டைல பாரு."

அவரை நேராகச் சுத்திகரிப்பு மையத்தில் இறக்கிவிட்டுத்தான் மற்றவர்களை ஏற்றப் போனார். நானும் வாடகைக் கார் பிடித்துப் போய்ச் சேர்ந்தேன். தாதிகள் முனகிக்கொண்டே மத்தியான நேரத்தை மாற்றிப் போட்டு எல்லாரையும் எடுத்துக்கொண்டார்கள். வழக்கத்தைவிடத் தாமதம், ஆனால் அன்று யாருக்கும் சுத்திகரிப்பு தவறவில்லை. அப்பாவின் நுரையீரலில் நீர் சேர ஆரம்பித்திருந்தது என்றும், இன்னும் கொஞ்ச தூரம் ஓட்டியிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று சொல்ல முடியாது என்றும் மூத்த தாதி சொன்னார். சொல்லிவிட்டு என் வயிற்றைப் பார்த்து, "நீ மொதல்ல உக்காரு. ரெண்டு பேரையும் பாக்க எங்கிட்ட கட்டில் இல்ல," என்றார்.

உட்கார்ந்தேன். அப்பாவின் கையில் இரண்டு ஊசி. குழாயில் ரத்தம் போய் வந்துகொண்டிருந்தது. முகத்தில் கொஞ்சம் நிறம் திரும்பியிருந்தது. போன் மோட்டார் இருக்கைக்கு அடியில் இருந்ததாம், மணி கேட்கவில்லையாம். அது விபத்து, விட்டுவிடலாம். அதற்கு முன்பு நடந்ததைத்தான் என்னால் விட முடியவில்லை.

"வெள்ளையா வந்துச்சுல்ல. உடனே ஏம்ப்பா எனக்கு போன் பண்ணல?"

"நீ வேலையில இருப்பேன்னுதான்."

"அந்த வேலையே இதுதானேப்பா. நான் கட்டுனதுதான் கெட்டுப் போச்சு."

"அது எனக்கு என்ன தெரியும்," என்றார். பிறகு, நான் வருத்தப்படுவேன் என்று நினைத்தோ என்னவோ, "இல்ல, மானேஜர் பாத்தா ஏசுவாரேன்னு," என்றார். அப்பாவின் வாழ்நாளில் வேலை நேரத்தில் யாரும் அவரைக் கூப்பிட்டதில்லை. குலை வெட்டில் இருக்கும்போது அம்மாவுக்கு இடுப்பு வலி வந்ததைக்கூட மாலை வீட்டுக்கு வந்துதான் தெரிந்துகொண்டார். வேலை என்றால் குறுக்கே போகக் கூடாத இடம் என்று அவர் பழகியிருக்கிறார். நானும் அப்படியே பழகியிருக்கிறேன். எதையும் யாரையும் தொந்தரவு செய்யாமல் செய்துவிட வேண்டும் என்றுதான் அந்த வெப்சைட்டையே கட்டினேன். ஹார்ன் அடித்து, "மாமா, வரீங்களா?" என்று வாசலில் கேட்டுக்கொண்டிருந்த சேகர் அண்ணனின் குரலை எடுத்துவிட்டு அங்கே ஒரு பொத்தானை வைத்தேன். இப்போதும் அந்தப் பொத்தான் இருக்கிறது, நன்றாக வேலை செய்கிறது, நேரமும் மிச்சம். ஆனால் பேர் வராத வீட்டுக்குச் சேகர் அண்ணன் ஒரு தடவை போன் போட்டுக் கேட்டுவிட்டுத்தான் கிளம்ப வேண்டும் என்று சங்கத்தில் எழுந்து நின்று நானே சொன்னேன். சொல்லி முடிப்பதற்குள் வியர்த்துவிட்டது.

நீ எந்த ஊரில் இருந்து இதைப் படிப்பாய் என்று தெரியாது. நான் அறியாத வேலை, நான் அறியாத மனிதர்கள், சரியாக உச்சரிக்க வராத ஒரு தெருப் பேர். எல்லாவற்றையும் நினைத்து இப்போதே பயப்படுகிறேன். உன் அப்பா சிரிக்கிறார், பல் முளைக்கட்டும் முதலில் என்கிறார். நீ தடுக்கி விழக் கூடாது என்று நான் கேட்கவில்லை. ஒருநாள் நீ நம்பிப் போன இடம் வெள்ளைத் திரையாக நிற்கும். வேலையாக இருக்கலாம், ஒரு மனிதராக இருக்கலாம். அப்போது நம் வீட்டு ரத்தம் உன்னிடம் சொல்லும்: இதுவும் அவ்வளவுதான், யாரிடமும் கேட்காதே, மோட்டாரை எடு, தனியாகப் போய்விடு என்று. அதைக் கேட்காதே. ஒருவேளை யாரோ ஒரு வரி எழுத மறந்திருப்பார்கள். கேட்டால் கதவு திறக்கலாம். திறக்காவிட்டாலும், திறக்கவில்லை என்பது இன்னொரு ஆளுக்குத் தெரிந்திருக்கும்.

நீ விழித்துக்கொண்டாய். அழவில்லை, கூரையைப் பார்த்துக்கொண்டு கிடக்கிறாய். திங்கட்கிழமையிலிருந்து பகலில் நான் வேலையில் இருப்பேன். நீ இதைப் படிக்கிற நாளிலும் பெரும்பாலும் வேலையில்தான் இருப்பேன், கூட்டத்தில் இருப்பேன், ஏதோ கெட்டுப் போனதைச் சரி செய்துகொண்டிருப்பேன், மேலாளர் பக்கத்தில் நின்றுகொண்டிருப்பார்.

கூப்பிடு.

அம்மா